‘நவீனத் தகவல்தொடர்பு’ என்றொரு சுவர்ப்படம்

இணையக் கடைகளில் விற்கும் சுவர்ப்படங்களில் ஒரு வகை உண்டு. உயர்ந்த கம்பங்கள், நீளும் கம்பிகள், நீலமும் பச்சையுமாக விரியும் வண்ணப் பட்டைகள். கீழே ‘நவீனத் தகவல்தொடர்பு, ஃபியூச்சரிஸ்ட் பாணி, அலுவலகத்துக்கும் வரவேற்பறைக்கும் ஏற்றது’ என்று ஒரு வரி. சட்டகத்தின் நிறத்தைத் தேர்ந்தெடுக்கலாம், அளவைத் தேர்ந்தெடுக்கலாம். யார் வரைந்தது, எங்கே இருக்கிறது, எதற்காக வரைந்தது என்று மட்டும் கேட்கக்கூடாது.

நான் வேலை செய்யும் இடத்திலும் அப்படி ஒரு பிரதி தொங்குகிறது. நாங்கள் தொலைத்தொடர்புக்காரர்கள், எங்களுக்குப் பொருத்தமான படம் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். “படம் நல்லாத்தானே இருக்கு லா, அத ஏன் நோண்டுற?” என்கிறான் நண்பன். நல்லாத்தான் இருக்கிறது. அதனால்தான் நோண்டுகிறேன்.

வரைந்தவர் பெனெடெட்டா கப்பா. 1897இல் ரோமில் பிறந்தவர், ஜாக்கோமோ பல்லாவிடம் ஓவியம் கற்றவர், நாவலும் எழுதியவர். சிசிலித் தீவின் பலேர்மோ நகரில் கட்டடக்கலைஞர் அஞ்சோலோ மட்சோனி எழுப்பிய தலைமை அஞ்சலகத்துக்காக 1933-34இல் இதை வரைந்தார். இது தனிப்படம் அல்ல. நிலவழி, கடல்வழி, வான்வழி, தந்தி-தொலைபேசி, வானொலி என்று ஐந்து படங்கள் கொண்ட ஒரு தொடர். ஒவ்வொன்றும் மூன்று மீட்டருக்கும் மேல் உயரம். டெம்பராவும் மெழுகு கலந்த வண்ணமும் பயன்படுத்தியிருக்கிறார். அந்த மங்கலான பரப்பு பொம்பெயியின் பழஞ்சுவரோவியங்களை நினைவுபடுத்தும் என்பார்கள். நம் அலுவலகப் பிரதி கைத்தொலைபேசி விளம்பரம் மாதிரிப் பளபளக்கிறது. 2014இல் நியூயார்க் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் இத்தாலிய ஃபியூச்சரிசக் கண்காட்சி நடந்தபோதுதான் இந்த ஐந்தும் முதல்முறையாகப் பலேர்மோவை விட்டு வெளியே போயின.

இந்த இடத்தில் வழக்கமாக ஒரு புலம்பல் வரும். வணிகம் கலையைக் கெடுத்துவிட்டது, மகத்தான ஓவியம் போஸ்டர் ஆகிவிட்டது, அய்யோ. இலக்கியக் கூட்டங்களில் இதைச் சொன்னால் நாலு பேர் தலையாட்டுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இந்த ஐந்து படங்களும் அஞ்சல்தலை வாங்க வரிசையில் நின்ற பலேர்மோ மக்கள் பார்ப்பதற்காக மாட்டப்பட்டவை அல்ல. அவை இருந்தது அந்தக் கட்டடத்தின் கூட்ட அறையில். அதிகாரிகள் உட்கார்ந்து பேசும் அறை. அதாவது இது பிறந்தபோதே அலுவலக மீட்டிங் ரூம் படம்தான். இன்றைய கடைக்காரன் அதை இறக்கிவிடவில்லை, பழைய இடத்துக்கே திருப்பி அனுப்பியிருக்கிறான். என்ன, அந்தப் பழைய அறையில் உட்கார்ந்திருந்தது யார் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டான்.

உட்கார்ந்திருந்தது முசோலினியின் அரசு. புதிய அஞ்சலகங்களும் ரயில் நிலையங்களும் அந்த அரசு தன் முகத்தை ஊர் ஊராகக் கொண்டுபோன வழிகளில் ஒன்று. 1934 மார்ச்சில் இத்தாலியில் ஒரு ‘தேர்தல்’ நடந்தது. ஒரே ஒரு பட்டியல், அதற்கு ஆம் அல்லது இல்லை. 99 சதவீதத்துக்கும் மேல் ஆம்! வானொலி அரசின் கையில் இருந்தது. நாங்கள் பாடத்தில் படித்த அதே மார்க்கோனி 1923இலேயே ஃபாசிசக் கட்சியில் சேர்ந்தவர், 1930இல் அரச அகாடமியின் தலைவர் ஆனவர். பெனெடெட்டாவின் கணவர் மரினெட்டி, ஃபியூச்சரிசத்தைத் தொடங்கியவர், அதே அகாடமியின் உறுப்பினர். கற்பனைக்கே ‘கம்பியில்லா’ என்று அடைமொழி கொடுத்தவர் அவர். 1935இல் எத்தியோப்பியா மீது இத்தாலி படையெடுத்தபோது ஐம்பத்தெட்டு வயதில் தொண்டராகப் போனார். அந்தப் போரில் இத்தாலி விஷவாயு பயன்படுத்தியது.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு படத்தைப் பாருங்கள். வானொலிப் படத்தில் கம்பத்திலிருந்து அலைகள் விரிகின்றன, விரிந்துகொண்டே போகின்றன. அலைபரப்பி தெரிகிறது, வாங்கி எங்கே? தொழில்நுட்ப ஆளாக எனக்கு முதலில் உறைத்தது இதுதான். தொடர்பு என்றால் இரண்டு முனை வேண்டும். ஒரு முனை மட்டும் இருந்தால் அதற்கு அறிவிப்பு என்று பெயர். ஐந்து படங்களிலும் ஒரு மனித முகம் கிடையாது. தந்தி அடிப்பவர் இல்லை, இணைப்புக் கொடுக்கும் பெண் இல்லை, கடிதத்துக்காகக் காத்திருக்கிற அம்மா இல்லை. சிசிலியிலிருந்து அமெரிக்காவுக்குப் பிழைக்கப்போன லட்சக்கணக்கானவர்களின் வீடுகளுக்கு அஞ்சலகம் என்றால் என்னவாக இருந்திருக்கும்! அது அந்தச் சுவரில் இல்லை. அரூபம் என்று சொல்லித் தப்பிக்கலாம். கப்பலையும் விமானத்தையும் அடையாளம் தெரிகிற மாதிரி வரைய முடிந்தவருக்கு ஆளை வரைய முடியாதா என்ன?

மனிதர் இல்லாததுதான் நம் அலுவலகங்களுக்கு இந்தப் படம் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். நாங்கள் தயாரிக்கும் வரைபடங்களும் அப்படித்தான்: கோபுரம், கோடு, மேகம். கேபிள் புதைக்கக் குழி தோண்டும் வங்காளதேசத் தொழிலாளி எந்தப் படவில்லையிலும் வரமாட்டார்.

நம் பக்கத்துக் கதை ஒன்றும் இதில் இருக்கிறது. கடலடித் தந்திக் கம்பிகளை உப்புநீரிலிருந்து காத்த உறை, கெத்தா பெர்ச்சா என்ற மரப்பால். 1840களில் சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்கு மாதிரிகள் போயின. அதன்பின் மலாயா, போர்னியோ, சுமத்ரா காடுகளில் அந்த மரங்கள் கணக்கில்லாமல் சாய்க்கப்பட்டன. ரப்பர் மாதிரி தினமும் சீவி எடுப்பதல்ல, மரத்தையே வெட்டித்தான் பால் எடுத்தார்கள். (இதையும் நம் தோட்டப் பாட்டன்களின் கணக்கில் சேர்த்துவிட வேண்டாம். காட்டுக்குள் போய் எடுத்தவர்கள் பெரும்பாலும் மலாய்க்காரர்களும் பழங்குடிகளும் டயாக் மக்களும்.) பெனெடெட்டா தூரிகை எடுத்த 1933இல்தான் இங்கிலாந்தில் பாலிஎதிலீன் தற்செயலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. அதுவரை உலகின் கடலடிக் கம்பிகள் நம் காட்டின் தோலைப் போர்த்திக்கொண்டுதான் கிடந்தன. ‘தகவல்தொடர்பின் தொகுப்பு’ என்று தலைப்பு வைத்த படத்தில் இதற்கு ஒரு விரற்கடை இடமில்லை.

அப்படியானால் கழற்றி எறியச் சொல்கிறேனா? அது சோம்பேறியின் தீர்ப்பு. “ஃபாசிஸ்ட் ஓவியம்” என்று ஒரு சொல்லில் முடித்துக்கொண்டால் பார்க்கும் வேலை மிச்சம். “கலையில் அரசியல் பேசாதே, வண்ணத்தைப் பார்” என்பவருக்கும் அதே வேலைதான் மிச்சம். நான் வண்ணத்தையும் பார்க்கிறேன். ஒலி போகும் வழியை வண்ணத்தில் காட்ட முயன்ற அந்தத் துணிச்சல் சாதாரணமானதல்ல. 1909 பிரகடனத்தில் போரைப் போற்றி, பெண்ணை இகழ்வதையும் கொள்கையாக எழுதிவைத்த ஓர் இயக்கத்தில், முப்பதுகளில் இப்படியோர் அரசுப் பணி ஒரு பெண்ணுக்குக் கிடைத்திருக்கிறது. கணவனின் குடும்பப்பெயரை ஒதுக்கி, ‘பெனெடெட்டா’ என்ற தன் பெயரை மட்டும் போட்டுக்கொண்டவர். அந்த ஒற்றைப் பெயரைத்தான் கடைக்காரன் வெட்டியிருக்கிறான். அவள் ஆட்சிக்கு ஒத்துப்போனவள் என்பதும் மறைந்தது, அவள் வரைந்தாள் என்பதும் மறைந்தது. ஒரே வெட்டில் இரண்டு வசதி.

எங்கள் அலுவலகப் பிரதிக்குக் கீழே போன வாரம் ஒரு சிறு அட்டை ஒட்டினேன். பெனெடெட்டா, 1933-34, பலேர்மோ அஞ்சலகக் கூட்ட அறை, ஐந்தில் ஒன்று, முசோலினி ஆட்சிக்காலம். மூன்று நாள் இருந்தது. பிறகு யாரோ பிய்த்துவிட்டார்கள், சுவர் அழுக்காகிறதாம். இன்னொன்று அச்சடித்து வைத்திருக்கிறேன்.