நகலுக்கும் ஒரு பெயர் உண்டு



திருவண்ணாமலையைச் சுற்றிவரும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில், மலைக்கு மேற்கே அமைந்திருக்கும் ஊர் அடி அண்ணாமலை. மலையின் அடியில் இருப்பதால் அடி அண்ணாமலை என்பார் சிலர். அங்குள்ள கோயில் பெரிய கோயிலினும் முந்தியது என்ற நம்பிக்கையால் ஆதி அண்ணாமலை என்பார் சிலர். எது மூலம், எது வழிவந்தது என்னும் கேள்வி அவ்வூரின் பெயரிலேயே அடங்கியிருக்கிறது. அண்மையில் அவ்வூரில் நம்மிடம் கேட்கப்பட்ட ஒரு கேள்வியும் அத்தகையதே. ஆயினும் அது கோயிலைப் பற்றியது அன்று. ஒரு மோட்டார் காரைப் பற்றியது.

நம் இதழை ஆண்டுக்கணக்கில் வாசித்துவரும் குடும்பம் அது. கணவர் கிரிவலப் பாதையை ஒட்டிச் சிறியதொரு கார் பட்டறை நடத்துகிறார். எஞ்சின் வேலையிலும் டிங்கர் வேலையிலும் கை தேர்ந்தவர். மனைவி வீட்டிலிருந்தே தையல் வேலை செய்கிறார். மகள் பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டுச் செவிலியர் படிப்பில் சேரக் காத்திருக்கிறாள். கணவரின் தாயாரும் அவர்களோடு இருக்கிறார். பட்டறைக்குப் பின்னால், தகரக் கொட்டகையில், தார்ப்பாய் போர்த்திய கான்டெஸா கார் ஒன்று நிற்கிறது. அவருடைய தந்தை வேலூரில் ஒரு முதலாளியிடம் முப்பது ஆண்டுகள் ஓட்டுநராய் இருந்தவர். ஓய்வு பெற்ற நாளில், அவர் ஓட்டிய வண்டியையே அவர் பெயருக்கு மாற்றிக் கொடுத்தாராம் அந்த முதலாளி. தந்தை மறைந்து இரண்டாண்டுகள் ஆகின்றன.

மகனுக்கு நெடுநாளாய் ஓர் ஆசை. அந்தக் கான்டெஸாவின் மேற்கூட்டை அறுத்தெடுத்து, 1967-ஆம் ஆண்டின் அமெரிக்க மஸ்டாங் காரின் வடிவில் புதிதாய் ஒரு கூடு செய்து பொருத்தி, பெரிய எஞ்சினும் ஏற்றி ஓட்டவேண்டும் என்பதே அது. முடிந்த சீட்டுப் பணம் கையில் இருந்தது. "ஐயா, நாற்பது வயது ஆகிறது. பிறர் வண்டிகளுக்கே ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்துவிட்டேன். என் கையால் ஒன்று செய்துவிட்டுப் போகவேண்டும் என்று நினைக்கிறேன். செய்யலாமா, கூடாதா? நீங்களே சொல்லுங்கள்" என்று கேட்டார். அவருடைய மனைவி காப்பித் தம்ளரை நம்முன் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் நின்றார். அந்த மௌனத்தையும் ஒரு கேள்வியாகவே நாம் எடுத்துக்கொண்டோம்.

ஆசை வெறும் பகட்டு என்று நாம் தள்ளிவிடவில்லை. மஸ்டாங் கார் 1964 ஏப்ரல் 17 அன்று வெளிவந்தது. முதல் ஓராண்டிலேயே நான்கு இலட்சத்துக்கும் மேல் விற்றது. 1964-ஆம் ஆண்டு மாடலாகப் போன்டியாக் ஜி.டி.ஓ. என்ற காரும் வந்தது. நடுத்தர அளவுள்ள உடலில் எட்டு சிலிண்டர்களுள்ள பெரிய எஞ்சினை வைத்து, சாதாரண மனிதனும் வாங்கத்தக்க விலையில் விற்ற இத்தகைய கார்களை 'மசில் கார்' என்று அமெரிக்கர் அழைத்தனர். புகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்களும், ஏறிய காப்பீட்டுக் கட்டணமும், 1973-ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்து அந்தக் காலத்தை முடித்துவைத்தன. முடிந்துபோனது என்பதாலேயே அதன்மீது உலகெங்கும் ஏக்கம் வளர்ந்தது. அசலை வாங்க இயலாதோர் நகலைச் செய்யலாயினர்.

நம் நாட்டில் அந்த ஏக்கத்துக்கு அகப்பட்டது கான்டெஸா. நீண்ட முன்மூடி, அகன்ற உடல், பின்சக்கரங்களால் ஓடும் அமைப்பு ஆகியவை அதற்கு உண்டு. ஆகவே பட்டறைக்காரர் பலர் அதை அறுத்து அமெரிக்கக் காரின் வேடம் கட்டுகின்றனர். ஆனால் வேடம் வேறு, வலிமை வேறு. 1984-இல் வெளிவந்தபோது அதில் இருந்தது அம்பாசிடரின் சிறிய எஞ்சினே. ஏறக்குறைய 50 குதிரைத்திறன். பின்னர் வந்த ஜப்பானிய இசுசு எஞ்சின் 1.8 லிட்டர், ஏறக்குறைய 88 குதிரைத்திறன். 1967-ஆம் ஆண்டின் மஸ்டாங்கில் விரும்பியோர் பெற்ற 6.4 லிட்டர் எஞ்சினோ 320 குதிரைத்திறன் உடையது. இந்த இடைவெளியைத் தகரமும் வண்ணமும் நிரப்பிவிட முடியாது.

"அப்படியானால் நகல் செய்வதே தவறா, ஐயா?" என்று அவர் கேட்டார்.

இல்லை என்றோம். நம் நாட்டுச் சாலைகள் நகல்களால் நிறைந்திருந்தவைதாம். அம்பாசிடர் என்பது இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு. பம்பாயின் பிரீமியர் பத்மினி இத்தாலியின் ஃபியட். சென்னையில் 1961 முதல் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டு. திருவொற்றியூரில் உருவான புல்லட் மோட்டார் சைக்கிளும் இங்கிலாந்திலிருந்து வந்ததே. அங்கே தாய் நிறுவனம் 1970-இல் மறைந்த பின்னும் இங்கே பிள்ளை வாழ்கிறது. ஏன், அந்தக் கான்டெஸாவே இங்கிலாந்தின் வாக்ஸால் காரின் மறு உருவம்தான். இவற்றை எவரும் போலி என்று இகழவில்லை. உரிமையோடு பெற்று, தம் சொந்தப் பெயரைத் தாங்கி, நம் மக்களைச் சுமந்து உழைத்து, அவை நம்முடையவை ஆயின. அம்பாசிடரின் உற்பத்தி 2014-இல் நின்றபோது, தம் வீட்டார் ஒருவர் மறைந்ததுபோல் வருந்தியவர் எத்தனை பேர்!

நம் ஆலயங்களையே பாருங்கள். லூர்து நகரில் 1858-இல் சிறுமி பெர்னதெத்துக்கு அன்னை காட்சி கொடுத்த அந்தக் குகையின் வடிவை நம் பங்குகள் பலவற்றில் கெபியாகக் கட்டியிருக்கிறோம். புதுவையை அடுத்த வில்லியனூரில் அந்த லூர்து அன்னையின் பெயராலேயே 19-ஆம் நூற்றாண்டில் ஓர் ஆலயம் எழுந்தது. அங்கே செல்லும் எவரும் தாம் பிரான்சு நாட்டில் நிற்பதாக எண்ணுவதில்லை. எண்ணும்படி எவரும் ஏமாற்றுவதும் இல்லை. அசலை நோக்கி மனத்தைத் திருப்புகின்ற நகல் வணக்கத்துக்கு உதவுகிறது. அசலின் இடத்தில் தானே அமர்ந்துகொள்ளும் நகலோ பொய்யாகிறது. இரண்டையும் பிரிப்பது ஒரே ஒரு கோடு: தன் உண்மைப் பெயரைச் சொல்லிக்கொள்ள அதற்குத் துணிவு உண்டா என்பதே.

மோட்டார் உலகத்திலும் இந்தக் கோடு உண்டு. உலகின் முதல் மோட்டார் கார் என்று போற்றப்படுவது கார்ல் பென்ஸ் 1886-இல் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டி. அந்த நிறுவனமே பிற்காலத்தில் அதன் நகல்களைச் செய்வித்து, நகல் என்றே பெயரிட்டு அளித்தது. அமெரிக்காவில் 2015-ஆம் ஆண்டுச் சட்டமொன்று, சிறு தயாரிப்பாளர் ஒருவர் பழைய கார்களின் நகல்களை ஆண்டுக்கு 325 வரை செய்யலாம் என இடம் கொடுத்தது. ஆயினும் அவ்வண்டி எந்தக் காரின் நகல், எந்தப் பாதுகாப்பு விதிகளிலிருந்து விலக்குப் பெற்றது என்று அதன்மேலேயே எழுதி ஒட்டவேண்டும். நகலுக்கு அங்கே இடம் உண்டு, பொய்க்கு இல்லை.

நம் நாட்டுச் சட்டம் இன்னும் கண்டிப்பானது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றுக்கு மாறுபடும்படி எந்த உரிமையாளரும் வண்டியை மாற்றலாகாது. முன் அனுமதி பெற்று எஞ்சினை மாற்றிக்கொள்வது போன்ற சில விலக்குகள் உண்டு. ஆனால் கூட்டையே மாற்றி வேறொரு காராய் ஆக்குவது அந்த விலக்குகளில் அடங்காது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டு, இவ்வாறு மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே என்று வகுக்கப்பட்டது. கான்டெஸா உற்பத்தி 2002-இல் நின்றுவிட்டது. ஆகவே இன்றுள்ள எந்தக் கான்டெஸாவும் பதினைந்து ஆண்டுப் பதிவுக்காலம் முடிந்து, ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படவேண்டிய வண்டியே. ஒவ்வொரு முறையும் அதிகாரியின் முன் நிறுத்தி, ஆர்.சி. புத்தகத்தில் கான்டெஸா என்று எழுதியிருக்க, கண்ணெதிரே மஸ்டாங் நிற்க, நம் அன்பர் என்ன சொல்வார்? முதல் பொய் தகரத்தில் தொடங்கும். அடுத்தது நாவுக்கு வந்துவிடும்.

இன்னொன்றும் சொன்னோம். சட்டம் வெறும் காகிதம் அன்று. 88 குதிரைத்திறனுக்கென்று அளந்து அமைத்த பிரேக்கும் ஸ்டியரிங்கும் அச்சும், அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு வலிமையை அடக்கிப் பிடிக்குமா? அறுத்துப் பற்றவைத்த கூடு ஒரு மோதலைத் தாங்குமா? விபத்து நேர்ந்தால், மாற்றியமைத்த வண்டி என்று காட்டி இழப்பீட்டை மறுக்கக் காப்பீட்டு நிறுவனத்துக்கு இடம் கிடைக்கும். பௌர்ணமி இரவுகளில் இலட்சக்கணக்கானோர் வெறுங்காலோடு நடக்கும் பாதையில் அவர் பட்டறை இருக்கிறது. மற்ற நாள்களிலும் முதியவரும் குழந்தைகளும் அதில் நடந்தபடியே இருப்பர். எந்தச் சமயத்தவராயினும் அவர்களுடைய உயிர் நம் பொறுப்பே.

இனிச் செலவு. கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து, கட்டி முடிக்கத் தன்னிடம் போதிய பொருள் உண்டா என்று கணக்கிடமாட்டானா என நம் ஆண்டவர் கேட்டதை லூக்கா நற்செய்தியின் 14-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். ஆகவே பட்டறையின் பழைய ரசீதுப் புத்தகம் ஒன்றைத் திருப்பி, அதன் பின்பக்கத்தில் அவரையே எழுதச் சொன்னோம். தகடு, பற்றவைப்பு, பட்டி, வண்ணம், கண்ணாடி, விளக்கு, எஞ்சின், கியர்ப்பெட்டி, பிரேக், சக்கரம், உட்புற மெத்தை என்று வரிசை நீண்டது. பாதியிலேயே சீட்டுப் பணம் தீர்ந்துவிட்டது. அவர் பென்சிலை நிறுத்தினார். அப்போதுதான் அவர் மனைவி முதன்முறையாகப் பேசினார்: "பாப்பாவின் கல்லூரிக் கட்டணத்தையும் அந்தத் தாளில் எழுதுங்கள்." குரலில் கோபம் இல்லை. அவர் அதையும் எழுதினார். எழுதியபின் வெகுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதையை நாம் அறிவோம். அக்கதையில் நம்மை வருத்துவது பூனையின் ஆசை அன்று. அது தன் நல்ல தோலைச் சுட்டுக்கொண்டதே. பிறருடைய ஒன்றைப்போல் ஆக்குவதற்காக, தம்முடைய உண்மையான ஒன்றை அழிப்பதா என்பதே இங்குள்ள கேள்வி. அரசு 2021-இல் வகுத்த விதிகளின்படி, முதற்பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்து, கூட்டிலும் சட்டத்திலும் எஞ்சினிலும் பெரிய மாற்றமின்றி மூல வடிவிலேயே காக்கப்பட்ட வண்டிக்குத் தொன்மை வாகனம் என்ற தனிப் பதிவு கிடைக்கும். முதல் கான்டெஸாக்கள் 2034-இல் அந்த வயதை எட்டத் தொடங்கும். இவர் தந்தையின் வண்டிக்கு இன்னும் சில ஆண்டுகள் கூடுதலாகும். இன்று அதை அறுத்துவிட்டால், அந்தப் பெருமைக்கு அது என்றுமே உரியதாகாது.

இத்தனை நேரமும் வாசற்படியில் அமர்ந்திருந்த தாயார் மெல்லச் சொன்னார்: "புத்தகத்தில் பெயர் மாறிய பிறகும், உன் அப்பா அதைத் தன் வண்டி என்று ஒருநாளும் சொன்னதில்லை. யார் கேட்டாலும் 'எங்கள் முதலாளி கொடுத்த வண்டி' என்றுதான் சொல்வார். அதைச் சொல்லும்போது அவருக்கு ஒரு குறைவும் இருந்ததில்லை."

நாம் சொல்ல எண்ணியதை அந்த அம்மையார் சொல்லி முடித்துவிட்டார். எழுதப் படிக்க அதிகம் தெரியாத ஓர் ஓட்டுநர், ஒரு பொருளுக்கு அதன் உண்மையான வரலாற்றைச் சொல்லியே அதைப் பெருமையுடையதாக்கினார். அதற்கு மேலான வண்ணம் எந்தப் பட்டறையிலும் கிடைக்காது.

முடிவை நாம் சொல்லவில்லை. அது அந்த வீட்டாருடையது. ஒரு வழி மட்டும் காட்டினோம். கைத்திறனைக் காட்டும் ஆசை மறுக்கத்தக்கதன்று. அது இறைவன் அளித்த கொடை. தச்சுப் பட்டறையில் உழைத்த சூசையப்பருக்கு அது நன்றாய்த் தெரியும். ஆகவே மஸ்டாங்கின் முன்முகத்தை மட்டும் கழிவுத் தகட்டில் செய்து, பட்டறை வாசலில் மாட்டி, 'இது நகல், இன்னார் செய்தது' என்று எழுதிவைக்கட்டும். அது சாலையில் ஓடாது, எவரையும் ஏமாற்றாது, வாடிக்கையாளரையும் அழைத்துவரும்.

ஒரு மாதம் கழித்து அவரிடமிருந்து கடிதம் வந்தது. மகள் செவிலியர் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். கான்டெஸாவின் பிரேக்கைப் புதுப்பித்து, துருப்பிடித்த இடங்களுக்குப் பட்டி பார்த்து, பழைய வண்ணத்தையே பூசியிருக்கிறாராம். ஞாயிறுதோறும் தாயாரை அதில் பூசைக்கு அழைத்துச் செல்கிறாராம். "மஸ்டாங் ஆசை போகவில்லை ஐயா, ஆனால் இப்போது அவசரமில்லை" என்று முடித்திருந்தார். அந்த நேர்மை நமக்குப் பிடித்திருந்தது.

வாசகர்களே, நம்முள் எத்தனை பேர் வீட்டிலுள்ள நல்லதொன்றை அறுத்து, அடுத்தவர் வீட்டு உருவில் செய்து பார்க்கத் துடிக்கிறோம்! பிள்ளையின் படிப்பை, திருமணச் செலவை, வீட்டின் முகப்பைக்கூட அப்படிச் செய்ய முனைகிறோம். செய்யுமுன் ஒரு தாளை எடுப்போம். செலவை எழுதுவோம். வீட்டில் பேசாமல் நிற்பவரின் செலவையும் எழுதுவோம். பின்னர், செய்யப்போகும் பொருளை அதன் உண்மைப் பெயரால் எவர் முன்னும் அழைக்க முடியுமா என்று நம்மையே கேட்போம். முடியுமெனில் அச்சமின்றித் தொடங்கலாம்.