குளியலறை ஒழுகினால் கொத்தனாரைத் திட்டாதீர்கள்

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஒரு சண்டை ஓயவே ஓயாது. கீழ்வீட்டுக்காரர் தன் தலைக்கு மேலே ஓதம் படர்ந்திருப்பதைக் காட்டுவார். மேல்வீட்டுக்காரர், "எங்க பாத்ரூம்ல போன வருஷம்தான் டைல்ஸ் மாத்தினோம், எப்படி சார் தண்ணி இறங்கும்?" என்பார். கடைசியில் இருவரும் ஒற்றுமையாகக் கொத்தனாரைத் திட்டிவிட்டுக் கலைவார்கள்.

டைல்ஸ் தண்ணீரைத் தடுக்கும் என்பது படித்தவர்களிடமே அதிகம் காணப்படும் மூடநம்பிக்கை! டைல் தடுக்கலாம், இரண்டு டைலுக்கு நடுவே இழுக்கும் சிமெண்ட் கோடு தடுக்காது. நாலு பேர் தினமும் குளிக்கிற இடத்தில் அதன் வழியே நீர் கசிந்துகொண்டுதான் இருக்கும். அதை நிறுத்த வேண்டியது அடியில் இருக்கும் தளமும் அதன்மேல் அடிக்கும் நீர்த்தடுப்புப் பூச்சும்.

அந்தத் தளத்தில் எவ்வளவு வேலை இருக்கிறது தெரியுமா? வழவழப்பான கான்கிரீட்டை முதலில் கொத்திச் சொரசொரப்பாக்க வேண்டும். தூசி போகக் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் மேலே போடும் கலவை பிடிக்காது. பிற்பாடு தட்டிப் பார்த்தால் பொள்ளலாகச் சத்தம் வரும். விரிசலையும், குழாய் தளத்துக்குள் இறங்கும் இடத்தைச் சுற்றியும் அடைக்க வேண்டும். பிறகு வாட்டம். அடிக்குக் கால் அங்குலம், அதாவது நாலடிக்கு ஒரு அங்குலம் இறக்கம், தண்ணீர் போகும் ஓட்டையை நோக்கி.

இந்த வாட்டத்தில்தான் பெரிய ஏமாற்று நடக்கிறது. தளத்தைச் சமமாகவே விட்டுப் பூச்சடித்து, டைல்ஸ் ஒட்டும்போது கலவையைக் கூட்டிக் குறைத்து மேலே மட்டும் வாட்டம் கொடுத்துவிடுகிறார்கள். பார்க்க அழகாக ஓடும். கோடு வழியே இறங்கிய நீரோ அடியில் போக வழியின்றி அங்கேயே தேங்கி நிற்கும். வாட்டம் பூச்சுக்குக் கீழே இருக்க வேண்டும்.

வாட்டக் கலவைக்குத் தண்ணீர் விட்டு நீராற்றி, பூச்சைச் சுவரிலும் ஏற்றி இரண்டு கை அடித்து, அது காய்ந்ததும் ஓட்டையை அடைத்து ஒரு முழு நாள் தண்ணீர் கட்டி வைக்க வேண்டும். மட்டம் குறைகிறதா, கீழே ஈரம் தெரிகிறதா என்று பார்த்த பிறகே முதல் டைல்.

இதையெல்லாம் கொத்தனார் ஏன் செய்வதில்லை? அவருக்குப் பேசிய கூலி சதுர அடிக் கணக்கு, அதுவும் ஒட்டிய டைலுக்கு மட்டும். கொத்திய நேரத்துக்குக் காசில்லை, கழுவியதற்குக் காசில்லை, தண்ணீர் கட்டிக் காத்திருக்கும் நாளுக்குச் சத்தியமாகக் காசில்லை. சரியாகச் செய்பவருக்குத்தான் நஷ்டம்! தளத்தைத் தயார் செய்ய இத்தனை நாள் கூலி என்று தனியாகப் பேசிக் கொடுத்துவிட்டு அப்புறம் குறை சொன்னால் நியாயம் உண்டு.

ஆனால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கடை கடையாக ஏறி 'ஐவரி'க்கும் 'க்ரீமு'க்கும் வித்தியாசம் பார்த்த அதே வீட்டுக்காரர், "தண்ணி கட்டி வைக்க ஒரு நாளா? கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறிச்சாச்சுப்பா" என்கிறார். அவருக்கென்ன, ஒழுகப்போவது கீழ்வீட்டில்தானே...