முதுகு போடும் கணக்கு

அமெரிக்காவில் அப்பலாச்சியன் நெடும்பாதை என்று ஒன்று இருக்கிறது. ஜார்ஜியா மாநிலத்து ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி, 14 மாநிலங்களைக் கடந்து, மெய்ன் மாநிலத்தின் கட்டாடின் மலையில் முடிகிறது. சுமார் 3,500 கிலோமீட்டர், அத்தனையும் காடும் மலையும். முழுவதும் நடந்துவிடுவது என்று கிளம்புகிறவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர்தான் முடிக்கிறார்.

தெற்கிலிருந்து கிளம்பினால் சுமார் 50 கிலோமீட்டரில் நீல் கேப் என்ற கணவாய். அங்கே மலை நடைக்கான சாமான்கள் விற்கும் ஒரு கடை. வேடிக்கை என்னவென்றால், விற்றதைவிட வாங்க வேண்டாம் என்று சொல்லித்தான் அந்தக் கடைக்குப் பேர் வந்தது! வருகிறவர் விரும்பினால் பையைக் கொட்டச் சொல்லி, ஒவ்வொரு பொருளையும் எடுத்து "இது எதற்கு?" என்று கேட்பார்கள். பதில் சரியில்லை என்றால் அந்தப் பொருள் பெட்டிக்குள் போய், தபாலில் வீட்டுக்குத் திரும்பிவிடும். மடக்குக் கோடாரி, மூன்றாவது ஜீன்ஸ், தடிமனான புத்தகம்... இப்படி. மொத்தப் பாதையில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்குகூடத் தாண்டாத நிலையில் இந்தக் கதி.

இவர்கள் யாரும் தயாராகாமல் வந்தவர்கள் இல்லை. மாதக்கணக்கில் பட்டியல் போட்டு, விலை ஒப்பிட்டு வாங்கியவர்கள்தான். தப்பு பட்டியலில்தான் இருக்கிறது. "என்னவெல்லாம் தேவைப்படலாம்?" என்று கேட்டால் பட்டியலுக்கு முடிவே கிடையாது. "எவ்வளவு சுமக்க முடியும்?" என்றுதான் முதலில் கேட்க வேண்டும். வரவு தெரியாமல் செலவுப் பட்டியல் போடும் குடும்பம் எங்கே போய் நிற்கும் என்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்காமல் இருப்பது நல்லது என்பது பொதுவான அளவு. 60 கிலோ ஆளுக்கு 12 கிலோ. ஐந்து நாள் சாப்பாடு சுமார் 4 கிலோ. இரண்டு லிட்டர் தண்ணீர் 2 கிலோ. மீதி 6 கிலோ. இதற்குள் பை, டென்ட், ஸ்லீப்பிங் பேக், அடியில் விரிக்கும் மேட், மாற்றுத்துணி, அடுப்பு, மருந்து எல்லாம் அடங்க வேண்டும். மலிவான பை 2 கிலோ, மலிவான டென்ட் இரண்டரை கிலோ என்று வாங்கினால் முக்கால்வாசி அங்கேயே காலி. ஆகவே காசு செலவழிப்பதானால் டென்ட், ஸ்லீப்பிங் பேக், பை ஆகிய இந்த மூன்றில் செலவழிப்பதே புத்திசாலித்தனம். அதிலும் பையைக் கடைசியில் வாங்க வேண்டும். பெரிய பையை முதலில் வாங்கியவர் அதை நிரப்பாமல் விட்டதாகச் சரித்திரம் இல்லை.

வாங்கியாகிவிட்டதே, வீணாக்குவானேன் என்று சுமப்பது இன்னொரு வகை. வணிகவியலில் இதை மூழ்கிய செலவு என்பார்கள். போன பணம் போனதுதான், அதைத் தூக்கிக்கொண்டு மலை ஏறினால் திரும்பி வராது.

இந்த இடத்தில் எம்மா கேட்வுட் பாட்டியை இழுத்துவிடுவார்கள். 1955-இல், 67-ஆம் வயதில், அந்தப் பாதை முழுவதையும் தனியாக நடந்து முடித்த முதல் பெண்மணி. பதினொரு பிள்ளைகளைப் பெற்றவர். தானே தைத்த துணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு, சாதாரண கேன்வாஸ் ஷூவோடு நடந்தார். டென்ட் இல்லை. குளியலறைத் திரைச்சீலை ஒன்றுதான் மழைக்கு மறைப்பு. "பார்த்தீர்களா, சாமானே தேவையில்லை!" என்று இதற்குப் பொருள் சொல்பவர்கள் உண்டு.

பாதிக் கதை அது. அதற்கு முந்தைய ஆண்டே அவர் மெய்ன் காட்டில் நடக்கத் தொடங்கி, வழிதவறி, கண்ணாடியை உடைத்துக்கொண்டு, ரேஞ்சர்கள் வீட்டுக்குப் போகச் சொல்லித் திரும்பியவர். 1955-இல் பல இரவுகள் வழியோரத்து வீடுகளில் இடம் கேட்டுத் தூங்கினார். ஆயுள் முழுக்கப் பண்ணை வேலை பார்த்த உடம்பு வேறு. அவர் பை இலேசாக இருந்ததற்குக் காரணம், தனக்கு எது இல்லாமல் முடியும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதைக் கடையில் விற்பதில்லை.

குறைக்கக் கூடாதவையும் உண்டு. மழையும் குளிரும் சேர்ந்து வருவதுதான் மலையில் ஆளைக் கொல்கிறது. நனைந்த பருத்தித் துணி உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும், சீக்கிரம் காயவும் காயாது. அதே பாதை ஏறும் வாஷிங்டன் மலையில் 1934 ஏப்ரலில் மணிக்கு 372 கிலோமீட்டர் வேகக் காற்று பதிவாகியிருக்கிறது. கோடையிலும் அங்கே கடுங்குளிர் திடீரென்று இறங்கும். ஆகவே ரெயின்கோட், ஒரு கம்பளிச் சட்டை, நனையாமல் பாலிதீனில் சுற்றிய ஒரு மாற்றுத்துணி, இவற்றில் கிராம் கணக்குப் பார்க்கக் கூடாது. மேட்டையும் சிலர் விட்டுவிடுகிறார்கள். ஸ்லீப்பிங் பேக்கின் அடிப்பக்கம் உடல் எடையில் நசுங்கிவிடுவதால், எவ்வளவு விலை கொடுத்ததாக இருந்தாலும் மேட் இல்லாவிட்டால் தரை குளிரும்.

ஷூவைச் சாயங்காலம் வாங்குவது நல்லது, பகல் முழுக்க நடந்து கால் சற்று வீங்கியிருக்கும். பல நாள் நடையில் இன்னும் வீங்கும். விரல் நுனியில் இடம் வேண்டும்.

கிளம்பும் முன் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது, பெரும்பாலோர் செய்யாதது. சாப்பாடு, தண்ணீர் உட்பட எல்லாவற்றையும் பையில் அடைத்து, அதே ஷூவோடு ஒரு நாள் முழுக்க நடப்பது. இடுப்புப் பட்டை சரியாக இறுகியிருந்தால் சுமை தோளை விட்டு இடுப்பில் இறங்கும். இறங்கவில்லை என்றால் பை அந்த உடம்புக்கு உரியதல்ல, கடைக்காரர் என்ன சொன்னாலும் சரி. அன்று இரவு மொட்டை மாடியிலேயே, விளக்கை அணைத்துவிட்டு, டென்ட்டைக் கட்டிப் பார்க்கலாம். எந்தக் கம்பி எதில் செருக வேண்டும் என்று தெரியாமல் அரைமணி நேரம் தடவினால், பக்கத்து வீட்டார் சிரிப்பார்கள், அவ்வளவுதான். மறுநாள் காலையில் பையைக் கொட்டி, தொடாத பொருள்களைத் தனியே எடுத்து வைத்தால், நீல் கேப்பில் தபால் செலவு மிச்சம்.