பழைய ரிமோட் ஓயுமுன்னே



எங்கள் பங்கில் எண்பது வயதைக் கடந்த தாய் ஒருவர் தனியே வாழ்ந்து வருகிறார். இடுப்பெலும்பு முறிந்த பின்னர் ஆலயப் படிகளை ஏற அவரால் இயலவில்லை. முதல் வெள்ளிதோறும் பங்குக் குரு நற்கருணை கொண்டுசென்று அளிக்கிறார். ஞாயிற்றுக் கிழமைகளில் தொலைக்காட்சித் திருப்பலியே அவருக்கு ஆறுதல். அது ஆலயத்தில் காணும் பலிக்கு ஈடாகாது என்பதை அவரே நமக்கு எடுத்துரைப்பார். ஆயினும் படுக்கையில் கிடப்போர்க்கு அதுவும் பெரும் துணையன்றோ?

அண்மையில் புனித வின்சென்ட் தே பவுல் சபை அன்பர்களுடன் அவரைக் காணச் சென்றிருந்தேன். மூன்று ஞாயிறுகளாகத் தாம் பூசை காணவில்லை என்று நாணத்துடன் கூறினார். "மகனிடம் தெரிவிக்கலாகாதா, அம்மா?" என்று வினவினேன். "அவன் துபாய் வெயிலில் நிற்கிறான், ஐயா. பொத்தான் அமுங்கவில்லை என்று சொல்லி அவனை ஏன் வருத்த வேண்டும்?" என்றார்.

கட்டிலின்மேல் இரண்டு ரிமோட்டுகள் கிடந்தன. ஒன்று தொலைக்காட்சிக்கு உரியது. மற்றது, கூரைமீதுள்ள டிஷ் ஆன்டெனா பெறும் அலைகளைப் படமாக்கித் தரும் செட்டாப் பெட்டிக்கு உரியது. இந்த இரண்டாவதில் சில எண்கள் தேய்ந்து செயலற்றுப் போயிருந்தன. திருப்பலி வரும் சேனலின் எண்ணிலோ அவற்றுள் ஒன்று இருந்தது! மகன் அனுப்பியிருந்த யுனிவர்சல் ரிமோட் உறை பிரிக்கப்படாமலே அலமாரியில் உறங்கியது.

ரிமோட்டின் முனையிலுள்ள சிறு விளக்கு, கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு ஒளியை உமிழ்கிறது. பெரும்பாலானவற்றில் அவ்வொளி வினாடிக்கு ஏறத்தாழ 38,000 முறை துடிக்கிறது. அத்துடிப்பு விட்டு விட்டு வரும் ஒழுங்கே கட்டளையாகிறது. அவ்வொழுங்கு நிறுவனத்திற்கு நிறுவனம் வேறுபடுவதால் ஒரு பெட்டியின் மொழி மற்றொன்றிற்கு விளங்குவதில்லை. யுனிவர்சல் ரிமோட்டோ பெந்தெகோஸ்தே நாளின் திருத்தூதர்களைப் போலப் பல மொழி பேச வல்லது. (உவமை மிகையெனில் குருக்கள் பொறுத்தருள்க.)

அதனைப் பழக்க இரு வழிகள் உண்டு. முதல் வழி எண் வழி. செட்டாப் பெட்டியை இயக்கி வைத்து, செட் பொத்தானைச் சிவப்பு விளக்கு நிலைத்து எரியும் வரை அழுத்திப் பிடித்து, கையேட்டில் கண்ட எண்ணைத் தர வேண்டும். பின்னர் பவர் பொத்தானை அழுத்தப் பெட்டி அணைந்தால் எண் பொருந்திற்று எனலாம். எங்களுக்குப் பொருந்தவில்லை. வெளிநாட்டில் வாங்கிய ரிமோட்டின் கையேட்டில் நம் ஊர்ப் பெட்டிகளின் எண்கள் இல்லாமற் போவது வியப்பன்று.

இரண்டாவது வழி, ஒரு ரிமோட் மற்றொன்றிடம் பாடம் கற்பது. 1987-இல் ஸ்டீவ் வாஸ்னியாக்கின் நிறுவனம் அமெரிக்காவில் வெளியிட்ட ரிமோட் இவ்வகையினதே. இரண்டையும் முகத்தோடு முகம் வைத்து, ஓரிரு அங்குல இடைவெளி விட்டு, வெயில் படாத இடத்தில், புதிய பேட்டரிகளுடன் இதனைச் செய்ய வேண்டும். புதியதில் ஒரு பொத்தானைத் தேர்ந்து, பழையதில் அதே பொத்தானை அழுத்தினால் புதியது அதனை மனத்தில் இருத்திக்கொள்ளும். ஒவ்வொரு பொத்தானுக்கும் தனித்தனியே கற்பித்தாக வேண்டும். பொறுமை தேவை.

ஆனால் இங்கேதான் இடர்ப்பாடு. பழையதில் செத்துப்போன பொத்தான் எதைக் கற்பிக்கும்? எங்களுடன் வந்த இளைஞர் அதனைக் கைப்பேசியின் முன்புறக் காமிராவுக்கு நேரே பிடித்துக் காட்டினார். நல்ல பொத்தானுக்கு விளக்கு திரையில் வெளிர் ஊதாவாக மின்னியது, கெட்டதற்கு மின்னவில்லை. ஆகையால் அன்பர்களே, வீட்டில் முதியோர் இருப்பின், பழைய ரிமோட் நன்றாக உள்ளபோதே புதியதற்குக் கற்பித்து வையுங்கள். புளூடூத் வழியே மட்டும் இயங்கும் பெட்டிகளுக்கு இம்முறை உதவாது என்பதையும் வாங்குமுன் கவனியுங்கள்.

எங்களைக் காத்தவர் பக்கத்து வீட்டு இஸ்லாமியப் பெண்மணி. அவர் வீட்டிலும் அதே நிறுவனத்தின் பெட்டி, அதே ரிமோட். கேட்டவுடன் எடுத்துத் தந்தார்.

செட்டாப் பெட்டியை அணைக்கவே வேண்டாம், தொலைக்காட்சியை மட்டும் அணைத்தால் போதும் என்று அம்மாவிடம் கூறினோம். அணைப்பதற்கும் இயக்குவதற்கும் ஒரே பொத்தானாகையால், ஒன்று விழிக்க மற்றது உறங்கும் குழப்பம் நேரும். வேண்டாத பொத்தான்களின்மேல் பிளாஸ்திரி ஒட்டினோம். அலங்காரமாக இல்லைதான், ஆனால் தடவியே வேண்டியதைக் கண்டுகொள்ளலாம்.

அம்மா தாமே மூன்று எண்களையும் அழுத்தினார். செபமாலை நடந்துகொண்டிருந்தது, மூன்றாம் தேவ இரகசியம். எங்களை மறந்து பதில் சொல்லத் தொடங்கிவிட்டார். இரவல் ரிமோட்டைப் பக்கத்து வீட்டில் சேர்ப்பித்துவிட்டு நாங்களும் புறப்பட்டோம்.