வார்டனா, வாட்ச்மேனா?

1996-ல் நாவரசு கொலை. 1997-ல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம். ரொம்பச் சரி. 2009 யுஜிசி விதிகள் மொத வருஷப் பசங்களுக்குத் தனி பிளாக் கேட்டது. அதுவும் சரிதான். ஆனா அதே விதிகள்தான், வார்டன் எந்நேரமும் மாணவர்கள் அணுகும்படி இருக்கணும்னும் சொல்லுது. நம்ம காலேஜ்காரங்க பாதியைத்தான் படிச்சாங்க போல!

பல ஹாஸ்டல்ல வார்டன்ங்கிறது பகல்ல பாடம் எடுக்கிற வாத்தியாருக்குக் கூடுதல் பொறுப்பு. அட்டெண்டன்ஸ், பூட்டு, ஃபைன், முடிஞ்சது வேலை. அரியர் விழுந்து ராத்திரி ரெண்டு மணிக்கு அழுவுற பையன் யார் கதவைத் தட்டுவான்? சீனியர்தான் அந்தப் பக்கமே வரக்கூடாதே!

டிவைடிங் சிஸ்டம் மெஸ்ல பசங்களே சேர்ந்து கணக்குப் பார்ப்பாங்க, காய்கறி வாங்கப் போவாங்க. சீனியரும் ஜூனியரும் பயமில்லாமப் பழகினது அங்கதான். (சாம்பார் தண்ணியா இருந்தது வேற விஷயம் :-)) அதையும் பல இடத்துல காண்ட்ராக்டர்கிட்ட தூக்கிக் குடுத்துட்டாங்க. மெஸ்ஸைப் பசங்ககிட்டயே திருப்பிக் குடுங்கய்யா, ஒரு ஆசிரியர் மேற்பார்வையில.