பொம்மைப் படமும் பேலன்ஸ் ஷீட்டும்

"பொம்மைப் படம் பாத்தா சார் அழுதீங்க?" என்று எங்கள் கிளையில் ஒருவர் சிரித்தார். ஆமாம், அழுதேன். நாற்பத்தாறு வயதில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்குத் தெரியாமல் கண்ணாடியைத் துடைப்பது போல நடித்துக்கொண்டு!

ஜப்பான்காரர்களின் அனிமே என்றால் பெரிய பெரிய கண்கள், கலர் கலராய்த் தலைமுடி, ஓயாத சண்டை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பெண்ணுக்குத் துணையாகப் பார்க்க உட்கார்ந்து இரண்டு படங்களில் மாட்டிக்கொண்டேன். 'மை நெய்பர் டொடோரோ', 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃப்ளைஸ்'. முதலாவது மியாசாகி எடுத்தது, இரண்டாவது தகஹதா. இரண்டும் ஜிப்லி ஸ்டுடியோ. 1988 ஏப்ரல் 16 அன்று ஜப்பானில் இரண்டையும் ஜோடியாக ஒரே காட்சியில் திரையிட்டார்கள். ஒன்று குதூகலம், இன்னொன்று நெஞ்சைப் பிழியும் சோகம்.

காமர்ஸ் படித்தவன் புத்தி எங்கே போகும்? ஒரு பக்கம் வரவு, ஒரு பக்கம் பற்று, கணக்கு நேர் என்று முடிவு கட்டினேன். தப்பு. ஒவ்வொரு படத்துக்குள்ளேயே இரண்டு பக்கமும் எழுதியிருக்கிறது.

டொடோரோவை எடுத்துக்கொள்ளுங்கள். 1950களின் கிராமம். சட்சுகி, மேய் என்று அக்கா தங்கை. அம்மா ஆஸ்பத்திரியில். (மியாசாகியின் அம்மாவும் காசநோயால் பல வருடம் படுக்கையில் இருந்தவர்.) காட்டுக்குள் தொப்பை பெருத்த டொடோரோ, பஸ்ஸாக ஓடும் பூனை என்று ஒரே கொண்டாட்டம். நடுவில் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு தந்தி. வார இறுதியில் வீட்டுக்கு வருவதாக இருந்த அம்மாவுக்கு ஜலதோஷமாம், வரவில்லை. அதுவரை பெரிய மனுஷி போலக் குடும்பத்தைப் பார்த்துக்கொண்ட சட்சுகி உடைந்து அழுகிறாள். போன தடவையும் சின்ன விஷயம் என்றுதானே சொன்னார்கள், அம்மா செத்துப்போய்விட்டால்? என்று.

அந்தப் பயம் நிஜமாக இருப்பதால்தான் பூனை பஸ் வரும்போது நமக்கும் உயிர் வருகிறது. பயத்தை எடுத்துவிட்டால் அது வெறும் வேடிக்கை.

இன்னொரு படம் இதற்கு நேர் எதிர். 1945 செப்டம்பர், கோபே நகரத்து ரயில் நிலையத்தில் செய்டா என்ற பையன் செத்துக் கிடப்பதில்தான் படமே ஆரம்பிக்கிறது. அவனும் தங்கை செட்சுகோவும் குண்டுவீச்சில் அம்மாவை இழந்து, உறவுக்காரப் பெண்மணி வீட்டில் ஒண்டி, அவள் சுடுசொல் தாங்காமல் வெளியேறி, ஒரு பதுங்கு குழியில் குடியேறுகிறார்கள். முடிவு தெரிந்துதான் பார்க்கிறோம். இருந்தும் கடற்கரையில் இருவரும் விளையாடும்போது நாமும் சிரிக்கிறோம். ஒரு மிட்டாய் டப்பா, குழிக்குள் விட்ட மின்மினிகளின் வெளிச்சம் என்று சின்னச் சின்ன சந்தோஷங்கள். நோசகா தன் தங்கையைப் பறிகொடுத்த துயரத்திலிருந்து 1967ல் எழுதிய கதை இது. தகஹதாவும் சிறுவனாக ஒகயாமா குண்டுவீச்சில் தப்பியவர்.

வங்கிக்காரன் என்பதால் ஒரு காட்சி என்னை ரொம்பப் படுத்திவிட்டது. அம்மாவின் கணக்கில் பணம் இருக்கிறது. கடைசியாக மிச்சமிருந்த 3000 யென்னை எடுக்கப் போகிறான் செய்டா. ஜப்பான் தோற்றுவிட்டதே அங்கேதான் அவனுக்குத் தெரிகிறது. சாப்பாடு வாங்கி ஓடி வருகிறான். தங்கைக்குச் சாப்பிடத் தெம்பில்லை. யுத்தம் கொன்றதா, உறவு கைவிட்டதா, அவன் வீம்பா? யாரும் வசனம் பேசி விளக்குவதில்லை. இது வெறும் போர் எதிர்ப்புப் படமல்ல என்று தகஹதாவே சொல்லியிருக்கிறார். நாம்தான் யோசித்துக்கொண்டு கிடக்க வேண்டும்.

நான் அழுதது அங்கே இல்லை. மின்மினிகள் மறுநாள் காலை செத்துக் கிடக்கின்றன. நாலு வயது செட்சுகோ குழி தோண்டி அவற்றைப் புதைக்கிறாள். அம்மாவும் இப்படித்தானே இருக்கிறாள் என்கிறாள். அம்மா போனதை அவளிடம் சொல்லாமல் செய்டா பொத்திப் பொத்தி வைத்திருந்தான். அவளுக்கோ அந்தப் பெண்மணி முன்பே சொல்லியிருந்தாள்.

நிற்க. அப்போது மாயவரத்தில் என் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தாள். நாங்கள் நாக்பூரில். "பாட்டிக்கு லேசா ஜுரம்" என்று பெண்ணிடம் சொல்லி வைத்திருந்தோம். பரீட்சை நேரம், குழந்தை மனசு கெடக்கூடாது என்று நியாயம் வேறு. அந்தக் காட்சி ஓடும்போது அவள் டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "எனக்கும் தெரியும்ப்பா. நீங்க பால்கனியில அத்தைகிட்ட போன்ல பேசினதைக் கேட்டேன்."

எத்தனை நாளாக என்று கேட்டேன். பத்து நாளாம். பத்து நாள் அவள் எங்களுக்காகத் தெரியாத மாதிரி இருந்திருக்கிறாள். அந்த வாரமே கிளம்பினோம். பாட்டியும் பேத்தியும் இரண்டு நாள் கைகோத்து உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த மாதம் அம்மா போய்விட்டாள். இன்னும் ஒரு வாரம் மறைத்திருந்தால் அந்த இரண்டு நாள் கிடைத்திருக்குமா, தெரியாது.

நம் படங்களில் அழுகை தனி, காமெடி டிராக் தனி என்றே பார்த்துப் பழகிவிட்டோம். ஊரை விட்டு வந்த நம் வீடுகளிலும் அதேதான். ஊர்த் துக்கமெல்லாம் பால்கனியில், சிரிப்பு ஹாலில். குழந்தைகளுக்கு இரண்டும் கேட்கிறது. பேலன்ஸ் என்பது சோகத்தை ஒளித்துவிட்டு இனிப்பை நீட்டுவது இல்லை. வங்கியில் அதற்குக் கணக்கை மறைப்பது என்று பெயர். இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதுவதுதான் பேலன்ஸ்.

சின்னக் குழந்தைகளுக்கு டொடோரோ போதும். மற்றதைக் கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளோடு, பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். முடிந்ததும் உடனே எழுந்து போய்விடாதீர்கள். அவர்கள் ஏதாவது சொல்லக் காத்திருக்கலாம்.