புள்ளிகளின் எண்ணிக்கையும் படத்தின் தெளிவும்

காமிரா வாங்கச் செல்பவர் முதலில் வினவுவது, "இது எத்தனை மெகாபிக்சல்?" என்பதேயாகும். பத்து லட்சம் ஒளிப்புள்ளிகள் கொண்டது ஒரு மெகாபிக்சல். இவ்வெண் பெருகினால் படத்தின் தெளிவும் பெருகும் என்ற நம்பிக்கை, பொதுமக்களிடையே மட்டுமன்றிக் கருவிகளைக் கொள்முதல் செய்யும் நிலையங்களிலும் வேரூன்றியுள்ளது. விஞ்ஞானம் இதனை முழுவதும் ஒப்புக்கொள்வதில்லை.

1975-ஆம் ஆண்டில் கோடாக் கம்பெனியின் பொறியாளர் ஸ்டீவன் சாசன் அமைத்த முதல் டிஜிட்டல் காமிராவில் பத்தாயிரம் புள்ளிகளே இருந்தன. 2022-இல் இருபது கோடி புள்ளிகள் கொண்ட கைப்பேசிகள் சந்தைக்கு வந்தன. வளர்ச்சி வியக்கத்தக்கதே, ஆயினும் ஒளியின் இயல்பு அதற்கு ஓர் எல்லை வகுத்துள்ளது.

லென்ஸ் எத்துணைக் குறையற்றதாயினும், விண்மீனொன்றின் ஒளியைச் சிறு வட்டமாகவே குவிக்கும். ஒளியின் அலைத் தன்மையே இதற்குக் காரணம். எஃப் 1.8 துவாரத்தில், பச்சை ஒளிக்கு, இவ்வட்டத்தின் விட்டம் ஏறத்தாழ 2.4 மைக்ரான். மேற்சொன்ன கைப்பேசிகளில் ஒரு புள்ளியின் அகலமோ சுமார் 0.6 மைக்ரான். எனவே ஒரே வட்டத்தைப் பத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள் பங்கிட்டுக்கொள்கின்றன. புள்ளி சிறுத்தால் அதில் விழும் ஒளியும் குறையும். ஆதலால் மங்கிய ஒளியில் அக்கருவிகள் பதினாறு புள்ளிகளை ஒன்றாக இணைத்து, ஒன்றேகால் கோடி புள்ளிகளுள்ள படத்தையே தருகின்றன.

சிலி நாட்டில் 2025 ஜூனில் முதற் படங்களை வெளியிட்ட வேரா ரூபின் வானாய்வகம் வேறு வழியைக் காட்டுகிறது. அதன் காமிராவில் 320 கோடி புள்ளிகள் உள்ளன. ஆயினும் ஒவ்வொன்றும் பத்து மைக்ரான் அகலமுடையது. அங்கு புள்ளியைச் சுருக்கவில்லை. 189 ஒளியுணர் சில்லுகளை அடுக்கிப் பரப்பை விரித்தனர். ஒளியைத் திரட்ட 8.4 மீட்டர் ஆடியும் அமைத்தனர்.

நல்ல வெளிச்சத்தில், படத்தின் ஒரு பகுதியை மட்டும் வெட்டிப் பெரிதாக்குவோர்க்கு மிகுதியான புள்ளிகள் பயன்படும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் பழஞ்சுவடிகளையும் ஆவணங்களையும் படமெடுத்துக் காக்கும் பணியை நோக்குக. ஏ4 அளவுள்ள தாளை அங்குலத்திற்கு 300 புள்ளி வீதம் பதிய 87 லட்சம் புள்ளிகள் போதும். 600 வீதமாயின் சுமார் மூன்றரைக் கோடி வேண்டும். அதற்கு மேல் எழுத்தைத் தெளிவாக்குவன லென்ஸும், சீரான வெளிச்சமும், அசைவற்ற தாங்கியுமே. தேவைக்கு மிஞ்சிய புள்ளிகள் சேமிப்புச் செலவையே பெருக்கும்.

ஆகவே கொள்முதல் விளம்பரங்களில் மெகாபிக்சல் எண்ணை மட்டும் குறிப்பிடுதல் தகாது. சோதனை அட்டையில் ஒரு மில்லிமீட்டருக்குள் எத்தனை கோடுகளைக் கருவி பிரித்துக் காட்டவேண்டும் என்பதையும் வரையறுத்து, நேரிற் சோதித்து வாங்குதல் வேண்டும். உதிரும் நிலையிலுள்ள ஓலையை மறுமுறை படமெடுக்க வாய்ப்புக் கிட்டாமலே போகலாம். அப்போது மங்கிய படத்தில் எத்தனை கோடி புள்ளிகள் இருப்பினும், அழிந்த எழுத்து மீளாது.